எதிர் வக்கீல் விலகினால் கேஸ் ஜெயிச்ச மாதிரியா?

“எதிர் பார்ட்டி வக்கீலே வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டாராம். இனி கேஸ் நம்ம பக்கம்தான்!”

திண்டுக்கல் கோர்ட்டுப் பக்கத்து டீக்கடைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. வேடசந்தூரில் இருந்து வரப்புத் தகராறுக்கு வந்தவர் சொல்வார். நாகல்நகரில் வாடகை பாக்கிக்கு வழக்கு போட்டவரும் சொல்வார். “அப்ப டீ உங்க கணக்கு” என்பார் பக்கத்தில் இருப்பவர்.

அவசரப்படாதீர்கள் அய்யா!

வக்கீல் விலகுவது வேறு, கட்சிக்காரர் விலகுவது வேறு. வக்காலத்து தாக்கல் செய்த வக்கீல் நினைத்த நேரத்தில் கோட்டைக் கழற்றிக்கொண்டு போக முடியாது. சிவில் நடைமுறைச் சட்டம், 3-வது ஆணை, 4-வது விதி: எழுத்து மூலம் கொடுக்க வேண்டும், கோர்ட்டு அனுமதிக்க வேண்டும். அதுவரை அவர்தான் வக்கீல். கட்சிக்காரருக்குப் போதிய நோட்டீசு கொடுக்காமல் விலகக்கூடாது, செய்யாத வேலைக்கு வாங்கிய பீசைத் திருப்ப வேண்டும் என்று பார் கவுன்சில் விதியும் இருக்கிறது. (எத்தனை பேர் திருப்புகிறார்கள் என்று கேட்காதீர்கள்!)

நடப்பது என்ன? ‘நோ இன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ்’, அதாவது கட்சிக்காரரிடமிருந்து தகவல் இல்லை என்று ஒரு வரி. பிரதிவாதியைக் கூப்பிடுகிறார் டவாலி. ஆள் இல்லை. எக்ஸ்பார்ட்டி! வாதி மட்டும் சாட்சி சொல்ல, டிகிரி ஆகிவிடுகிறது. அந்த மனுஷன் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளிக் கூடை இறக்கிக்கொண்டிருப்பார். வக்கீல் விலகியதே அவருக்குத் தெரியாது.

மல்கியத் சிங் – ஜோகிந்தர் சிங் வழக்கில் இதுதான் நடந்தது. 1998 தீர்ப்புத் தொகுப்பில் வந்திருக்கிறது. வக்கீல் ‘தகவல் இல்லை’ என்றார், எக்ஸ்பார்ட்டி ஆனது. சுப்ரீம் கோர்ட்டு என்ன சொன்னது? வக்கீல் கைவிட்டதும் கட்சிக்காரருக்குக் கோர்ட்டு நோட்டீசு அனுப்பியிருக்க வேண்டும் என்றது. டிகிரி போச்சு! 1993 தொகுப்பில் உள்ள இன்னொரு தீர்ப்பும் இதே வழிதான்.

ஆக, டீ வாங்கிக் கொடுத்தவர் கதி என்ன? அமீனாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பும்போது, எதிரி 9-வது ஆணை 13-வது விதியில் மனு போடுவார். கெடு 30 நாள்தான். தாமதத்துக்கு நியாயமான காரணம் சொன்னால் அதையும் மன்னிப்பார்கள். மனு ஏற்கப்பட்டால் கேஸ் பழைய இடத்துக்கே வந்துவிடும். தள்ளினால் அப்பீல், அப்புறம் மதுரை ஐகோர்ட்டு கிளை. பஸ் காசுக்கே ஒரு கணக்கு நோட்டு வேண்டும்.

அதனால்தான் சொல்கிறோம்: எதிர் வக்கீல் விலகும் மனு வந்தால், “அவங்க கட்சிக்காரருக்கு நோட்டீசு போகட்டும்” என்று முதலில் கேட்க வேண்டியவர் வாதிதான். இரண்டு வாய்தா போகும். போகட்டுமே! ஒரு தபால் செலவு, பல வருஷ அலைச்சலை மிச்சப்படுத்தும். கோர்ட்டும் அந்தத் தபால் ரசீதைப் பார்க்காமல் விலக அனுமதிக்கக்கூடாது.

கைவிடப்பட்டவருக்கு ஒரு வார்த்தை. பீசு பாக்கி என்று கேஸ் கட்டைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை. மத்திய பிரதேசத்தில் ஒரு கூட்டுறவு வங்கியின் வக்கீல் 97,100 ரூபாய் பாக்கி என்று கட்டுகளைத் தர மறுத்தார். 2000-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு அவரைக் கண்டித்தது. பாக்கிக்கு அவர் தனியாக வழக்கு போட்டுக்கொள்ளலாம்.

வாய்தா தேதிக்கு வக்கீல் குமாஸ்தாவையே நம்பி இருக்க வேண்டியதும் இல்லை. ஒவ்வொரு கேசுக்கும் 16 இலக்க சி.என்.ஆர். எண் உண்டு. வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்தால் செல்போனில் தட்டி, அடுத்த தேதியைச் சொல்லிவிடும்.