கொல்லையிலும் ஒரு தாங்கல்

ஈக்காட்டுத்தாங்கல், பழவந்தாங்கல், வேடந்தாங்கல் - இந்த ஊர்ப் பெயர்களில் வரும் 'தாங்கல்' என்ற சொல்லின் பொருள் யாது? மழைநீரைத் தாங்கி வைக்கும் சிற்றேரி என்பதே. இன்றைய ஈக்காட்டுத்தாங்கலில் நீரைத் தாங்குவதற்கு மண் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

2015 டிசம்பரில் அடையாறு பெருகி இப்பகுதிக்குள் புகுந்த கதையை உங்கள் பெற்றோரிடம் கேளுங்கள். அத்தகைய பெருவெள்ளத்தை எந்தத் தோட்டமும் தடுத்துவிடாது. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் சாதாரண மழைக்கே பல வீடுகளின் கொல்லை சேறாகிவிடுகிறதே! சரிவான மனையில் மேற்பகுதியின் மண் அரித்துப் போகிறது. கீழ்ப்பகுதியில் நீர் தேங்கிச் செடிகளின் வேர்கள் காற்றின்றி அழுகுகின்றன. "சிமெண்டுத் தளம் போட்டுவிட்டால் தொல்லை தீர்ந்தது" என்பார்கள் பெரியவர்கள்.

தீராது என்பதே என் கருத்து. 10 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் உள்ள கொல்லையில் 1 செ.மீ. மழை பெய்தால் 600 லிட்டர் நீர் விழுகிறது. தளம் போட்டால் அதில் பெரும்பகுதி தெருவுக்கோ பக்கத்து வீட்டுக்கோதான் போகும். நம் தொல்லை பிறர் தொல்லையாகிறது, அவ்வளவுதான்.

இதற்கு நல்ல மாற்று, சரிவைப் படிகளாக வெட்டி மேட்டுப் பாத்திகள் அமைப்பது. நீலகிரியில் மலைச்சரிவுகளைப் படித்தளங்களாக்கிப் பயிரிடுகிறார்கள். மழை மிகுந்த இடங்களில் தளத்தை மலைப்பக்கம் சற்றே உட்சாய்வாக அமைப்பதுண்டு. அதனால் நீர் விளிம்பைத் தாண்டிப் பாயாமல், உள்ளோர வாய்க்கால் வழியே மெல்ல வடிகிறது. நம் கொல்லைக்கும் இதே முறை பொருந்தும்.

ஒரே உயரமான சுவர் போதாதா? போதாது. தேங்கிய நீர் சுவரின் மேல் செலுத்தும் விசை, உயரத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். 60 செ.மீ. உயரம் நீர் நின்றால், ஒரு மீட்டர் நீளச் சுவரை அது சுமார் 180 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் தள்ளும். 30 செ.மீ. நின்றால் 45 கிலோதான்! ஆகவே போதிய இடைவெளி விட்டு இரண்டு குட்டைச் சுவர்கள் கட்டுவதே பாதுகாப்பு. சுவரின் அடியில் நீர் வெளியேற ஓட்டைகளும் வேண்டும்.

பாத்தியின் அடியில் ஜல்லி பரப்பினால் நீர் நன்கு வடியும் என்று பலர் நம்புகிறார்கள். இது தவறு. மண்ணின் நுண்ணிய இடைவெளிகள் நுண்புழைக் கவர்ச்சியால் நீரைப் பிடித்துக்கொள்கின்றன. மண் முழுதும் நனைந்து நிரம்பிய பிறகே நீர் ஜல்லிக்குள் இறங்கும். எனவே ஜல்லியைச் சுவரின் பின்புறம், ஓட்டைகளை ஒட்டி இடுங்கள். பாத்தியை மண்ணும் மக்கிய உரமும் கலந்து நிரப்புங்கள். வீட்டுச் சுவரை ஒட்டிப் பாத்தி கட்டாதீர்கள். ஈரம் உள்ளே ஏறும்.

மாணவ நண்பர்களே! இந்த விடுமுறையில் உங்கள் கொல்லையில் ஒரு அடி ஆழக் குழி தோண்டி நீர் ஊற்றுங்கள். அது வற்ற எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்து வையுங்கள். அந்தக் குறிப்பை வீட்டாரிடம் காட்டுங்கள். சிமெண்டு மூட்டை வந்து இறங்குவதற்கு முன்பே காட்டுங்கள்!