பழைய வண்டியைப் புதுக்குதல்

பழமையைக் கண்டவுடன் கைகூப்புவாரும் உளர். கண்டவுடன் கழித்துக் கட்டுவாரும் உளர். இவ்விரு சாராரும் ஒரு வகையில் ஒற்றுமையுடையர். என்னை? பழம்பொருளை அருகிருந்து ஆராயும் உழைப்பை இருவருமே மேற்கொள்வதில்லை. ஒரு பொருளை அக்கக்காகப் பிரித்துப் பார்த்தவனே அதனுள் எது போற்றத்தக்கது, எது மாற்றத்தக்கது என்று சொல்லும் உரிமை உடையவன் ஆவான். இஃது ஏட்டுக்கு மட்டுமன்று, இரும்புக்கும் பொருந்தும் என்பதே ஈண்டு யாம் கூறப் புகுந்த கருத்து.

சென்ற ஆண்டில் யாமும் எம் நண்பர் ஒருவரும் ஒரு பழைய மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் புதுக்கும் பணியில் ஐந்து திங்கள் ஈடுபட்டேம். நண்பர் பௌதிக வகுப்பினர். யாம் தமிழ் ஆனர்ஸ் வகுப்பினேம். வண்டி அவருடைய பாட்டனார் 1976-ஆம் ஆண்டில் வாங்கிய புல்லட். பாட்டனார் மறைந்தபின் அது கொல்லைக் கொட்டகையில் கோழிகள் அடையும் இடமாய்க் கிடந்தது. பழைய இரும்பு வாங்குவார் வந்து எடைக்கு விலையும் பேசிச் சென்றிருந்தார். அந்நிலையில் நண்பர் அதனைத் தமக்குத் தருமாறு தந்தையாரை வேண்டிப் பெற்றார்.

அவ்வண்டியின் குலவரலாறு அறியத்தக்கது. இங்கிலாந்திலுள்ள ரெட்டிச் என்னும் ஊரில் ராயல் என்பீல்டு கம்பெனியார் 1901-ஆம் ஆண்டில் தம் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தனர். புல்லட் என்னும் பெயர் 1932-ஆம் ஆண்டில் தோன்றிற்று. 1955-ஆம் ஆண்டில் அவர்கள் மதராஸ் மோட்டார்ஸ் கம்பெனியாரோடு கூடி என்பீல்டு இந்தியாவை நிறுவினர். திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. தொடக்கத்தில் பாகங்கள் கப்பலேறி வந்து இங்கே பூட்டப்பெற்றன; பின்னர்ப் பாகங்களும் இங்கேயே செய்யப்பெற்றன. 1970-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் அக்கம்பெனியின் வேலை நின்றது, திருவொற்றியூரிலோ நின்றிலது. தாய்மரம் பட்டது; பதியன் தழைத்தது. ஆகவே அவ்வண்டியை அயல்நாட்டுப் பொருள் என்று ஒதுக்குதலும் ஆகாது. வந்த வடிவிலேயே வைத்துப் பூசித்தலும் ஆகாது. அதன் வரலாறே மாற்றத்தின் வரலாறு.

இனி மாற்றம் என்பது யாது? இன்றைய இளைஞர் பலர் பழைய வண்டியை மாற்றுதல் என்றால், சைலென்ஸரை நீக்கி ஓசையைப் பெருக்குதல், மட்கார்டைக் குறைத்தல், கைப்பிடியை உயர்த்துதல் என்றே கருதுகின்றனர். எம் நண்பரும் முதலில் அவ்வாறே கருதினார். சேசிஸின் பின்பகுதியை அறுத்தெறிந்து ஒருவர் மட்டுமே அமரும் குட்டை வண்டியாக ஆக்கவேண்டும் என்பது அவர் விருப்பம். படமும் வரைந்து வந்தார். படம் அழகாகவே இருந்தது. அதனைத் தம் பாட்டியாரிடம் காட்டினார். அம்முதியவர் கண்ணாடியை அணிந்து நெடுநேரம் பார்த்துவிட்டு, “எல்லாம் சரி, தம்பி! நான் உட்கார்ந்து வந்த இடம் எங்கே?” என்று ஒரு வினாவே வினவினார். நண்பர் விடை கூறாமல் படத்தை மடித்துவைத்தார். மறுநாள் தொடங்கி இருவேமும் அவ்வினாவையே அளவுகோலாகக் கொண்டேம்.

பழம்பொருளை மாற்றுவார் மூன்று செய்திகளை ஆராய்தல் வேண்டும் என்பது எம் துணிபு.

முதலாவது, அம்மாற்றம் உயிர்க்கு அரணாகுமா என்பது. இதற்கு ஆம் என்று விடை வருமாயின் தயங்குதல் பிழை. எம் வண்டியின் முன்சக்கரப் பிரேக் அக்காலத்து வேகத்துக்கு அமைந்தது. இக்கால நெருக்கடிக்குப் போதாது. பிற்காலப் புல்லட்டில் வந்த, இரண்டு ஷூக்களும் முன்னின்று பற்றும் டிரம்மை, ஆராய்ந்து கேட்டறிந்த பின்னர்ப் பூட்டினேம். இன்னொன்றும் உண்டு. இக்காலத்தில் நம் நாட்டுப் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்பெறுகிறது. பழைய ரப்பர்க் குழாய்கள் அதனைத் தாங்கா, இற்றுக் கசியும். கசிந்த பெட்ரோல் சூடேறிய எஞ்சின்மேல் விழின் நேர்வதைக் கூறவேண்டா. பழைய குழாயே வேண்டும் என்பவர் பழமையைக் காப்பவர் அல்லர்; எரிப்பவர். காலத்துக்கேற்ற வேறுபாட்டை இலக்கணமே ஒப்புக்கொள்கிறது. நன்னூலார் அதனை வழுவெனத் தள்ளவில்லை. பொறி மட்டும் எங்ஙனம் தள்ளும்?

இரண்டாவது, அம்மாற்றம் மீட்கத்தக்கதா என்பது. போல்ட்டைக் கழற்றிப் பூட்டும் மாற்றம் மீளும். அறுத்தும் உருக்கியும் செய்யும் மாற்றம் மீளாது. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887-ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியை அச்சிட்டு வெளியிட்டது நம் வகுப்பில் அனைவரும் அறிந்தது. ஏடுகளை ஒப்புநோக்கும் பதிப்பாசிரியர் ஒரு பாடத்தைக் கொண்டால், ஏனைப் பாடங்களைக் கிழித்தெறியார். பின்வருவார் ஆராய அடிக்குறிப்பில் இடுவார். அம்முறையையே யாமும் மேற்கொண்டேம். கழற்றிய பாகம் ஒவ்வொன்றையும் துடைத்து, எண்ணெய் தடவி, துணியில் முடிந்து, எங்கிருந்தது, ஏன் நீக்கினேம் என்று சீட்டெழுதி மரப்பெட்டியில் வைத்தேம். வண்டி எம் திருத்தம். பெட்டி அதன் பாடவேறுபாடு. நாளை நண்பரின் பெயரர் வேறு கருத்துடையராயின் பெட்டியைத் திறந்து பார்க்கட்டும்.

இவ்வாராய்ச்சியில் மாற்றாது விட்டதும் ஒன்றுண்டு. அக்காலப் புல்லட்டில் கியர் வலக்காலிலும் பிரேக் இடக்காலிலும் அமைந்திருக்கும். இக்கால வண்டிகளில் இது தலைகீழ். அதனையும் மாற்றிவிடுமாறு பலர் அறிவுறுத்தினர். அதற்கெனச் செய்த பாகங்களும் கடையில் உள. ஆயினும் இரண்டு திங்கள் வெறுமையான மைதானத்தில் பழகியபின் நண்பரின் கால்கள் அம்முறையை அறிந்துகொண்டன. பயிற்சியால் தீரும் குறையைப் பொறியின்மேல் ஏற்றுதல் ஏன்? சில இடங்களில் மாறவேண்டியது வண்டியன்று, ஓட்டுவோனே.

மூன்றாவது, அம்மாற்றம் பிறரை வருத்துமா என்பது. சைலென்ஸரின் பேரொலியை ஆண்மையென்று கருதும் மயக்கம் நம் மாணவரிடையே உண்டு. அதனை யாம் கண்டிக்கின்றேம். மருத்துவமனை, கல்விச்சாலை, நீதிமன்றம் ஆகியவற்றைச் சூழ 100 மீட்டர் வரை அமைதிப் பகுதியாகக் கொள்ளும் விதி 2000-ஆம் ஆண்டிலேயே ஏற்பட்டது. விதி இல்லாவிடினும், நள்ளிரவில் நோயாளி ஒருவர் அரிதிற் பெற்ற உறக்கத்தைக் கலைக்கும் உரிமையை நமக்கு அளித்தவர் யார்? பழைய புல்லட்டின் ஒலி அடங்கிய ஒலி. விட்டுவிட்டு ஒலிக்கும் இயல்பினது. அதனைக் கேட்க விழைவார் அருகே வந்து கேட்கலாம். தெருமுழுதும் கேட்கவேண்டுவதில்லை.

சட்டத்தையும் ஈண்டுக் கூறுதல் கடன். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழிற் கண்ட விவரங்கள் வண்டியைச் செய்தவர் குறித்தவற்றினின்று வேறுபடுமாறு மாற்றுதலைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றம் 2019-ஆம் ஆண்டில் இதனை வலியுறுத்தியது. அவ்வாண்டிற் செய்த திருத்தத்தின்படி, முறையற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு திங்கள் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். 15 ஆண்டு கடந்த வண்டியின் பதிவையும் புதுப்பித்தல் வேண்டும். இவற்றைத் தொல்லையென்று பழிப்பார்க்கு யாம் கூறுவது ஒன்றே: இலக்கணம் கற்றபின் கவி பாடுதலே முறை, சட்டம் அறிந்தபின் ஸ்பேனரைத் தொடுதலே முறை.

“இத்தகைய வேலை கல்லூரி மாணவர்க்கு ஏற்குமா? தேர்வுக்குரிய காலத்தைத் துருவிற் செலவிடலாமா?” என்று சான்றோர் சிலர் வினவினர். அவர் வினாவில் அன்பு உண்டு. ஆயினும் ஒரு தவறான எண்ணமும் உண்டு. கைவேலை அறிவில் தாழ்ந்தது என்பதே அவ்வெண்ணம். எமக்கு ஆசானாய் வாய்த்த மெக்கானிக்கை யாம் அண்ணன் என்றே அழைப்பேம். அவர் எட்டாம் வகுப்புக்கு மேல் படித்தாரல்லர். எஞ்சினின் ஓசையைக் கண்மூடிக் கேட்டு, வால்வின் இடைவெளி மிகுந்ததென்று சொல்லுவார். திறந்து அளந்தால் அவ்வாறே இருக்கும். பழைய பிரேக் ஷூக்களில் கல்நார் இருத்தல் கூடும் என்றும், அத்தூசியை வாயால் ஊதாமல் நனைத்துத் துடைக்கவேண்டும் என்றும் எமக்கு முதலில் கூறியவர் அவரே. பெட்ரோல் டாங்கியில் சிறு நட்டுகளையும் மண்ணெண்ணெயையும் இட்டுக் குலுக்கித் துருவைக் களையக் கற்பித்தவரும் அவரே. புதுப்பேட்டைக் கடைகளில் குவிந்த பழம்பாகங்களுள் நல்லதனைத் தட்டிப் பார்த்தே தெரிந்தெடுப்பார். அவர் அறிவுக்குப் பட்டம் இல்லை. அதனால் அறிவு குறைந்ததன்று, பட்டந்தான் குறையுடையது.

இப்பணியை ஒருவர் தனித்துச் செய்தலினும் இருவர் கூடிச் செய்தல் சிறந்தது. ஒருவர் கிளட்ச் லீவரை அழுத்த, மற்றவர் தகடுகள் விலகுதலைக் கண்டு சொல்லவேண்டும். ஒருவர் பிடிக்க, மற்றவர் முடுக்கவேண்டும். நட்பைப் பற்றிக் கட்டுரை எழுதுவது எளிது; நண்பனின் கைவிரல் எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் இடையில் இருக்கும்போது பாரத்தை நழுவவிடாது தாங்குதல் அரிது. கருத்து வேறுபாடும் நிகழும். நிறம் பற்றி எமக்குள் இரண்டு வாரம் வழக்கு நடந்தது. நண்பர் சிவப்பை விரும்பினார், யாம் பழைய கறுப்பே வேண்டுமென்றேம். நிறமும் பதிவுச் சான்றிதழிற் குறிக்கப்பெறுவதாகலின் இறுதியில் கறுப்பே நின்றது. தோற்றவர் வருந்தவில்லை, மறுநாட் காலையிலும் முதலில் கொட்டகைக்கு வந்து நின்றவர் அவரே. தோற்றபின்னும் வேலைக்கு வருபவனே நண்பன்.

எம் கருத்தை இனித் தொகுத்துக் கூறுவேம். பழையதை மாற்றுக, ஆயின் பிரித்தறிந்த பின்னர் மாற்றுக. உயிரைக் காக்கும் மாற்றத்தை விரைந்து செய்க. மீளாத மாற்றத்தைப் பலமுறை எண்ணுக. பிறரை வருத்தும் மாற்றத்தை விலக்குக. எல்லாவற்றுக்கும் மேலாக, நாம் அழகென்று அறுத்தெறியும் பகுதியில் நேற்றுவரை அமர்ந்து வந்தவர் யார் என்று ஒருமுறை கேட்டறிக. வண்டிக்கு மட்டுமன்று, மொழிக்கும், வீட்டுக்கும், ஊருக்கும் இதுவே முறை.

நம் கல்லூரி அதிகாரிகளுக்கு ஒரு விண்ணப்பம். கலை வகுப்பு மாணவரும் வாரம் இரண்டு மணி நேரம் கருவி பிடித்துப் பழகுவதற்கு ஒரு சிறு கொட்டகையும், ஒரு மேசையும், கற்பிக்க ஒரு மெக்கானிக்கும் அமைத்துத் தருவார்களாயின் அது பெரும் பயன் விளைக்கும். செலவு மிகுதியாகாது. பழைய மாணவர் பலர் வீடுகளில் ஓடாத வண்டிகள் உறங்கிக்கொண்டிருக்கும். கேட்டால் ஒன்றை அளிக்க மறுக்கமாட்டார்கள். நூலகத்தில் ஏடு புரட்டும் கை, கொட்டகையில் நட்டு முடுக்கவும் கற்குமாயின், அக்கையினின்று பிறக்கும் எழுத்தும் உறுதியுடையதாகும் என்பது எம் நம்பிக்கை.