கப்பல் வாங்கினால் மட்டும் கடற்படை ஆகிவிடாது: எம்டன் முதல் லூமூட் வரை

ஆயர் ஈத்தாம் – இங்கிருந்து மலை ரயிலேறிப் பினாங்குக் கொடிமலை உச்சியில் உள்ள அருளொளித் திருமுருகன் ஆலயத்திற்குச் செல்பவர்கள், தரிசனம் முடிந்ததும் சற்று நின்று கீழே பார்ப்பது வழக்கம். ஜார்ஜ்டவுனும், அதற்கும் பெருநிலத்துக்கும் இடையில் உள்ள நீரிணையும் அங்கிருந்து தெளிவாகத் தெரியும். 1914 அக்டோபர் 28 விடியற்காலையில் ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் புகுந்து தாக்கியது இந்தத் துறைமுகத்தைத்தான்.

எம்டன் என்ற பெயரைத் தமிழர்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அதே ஆண்டு செப்டம்பர் 22 இரவு மெட்ராஸ் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகளைக் கொளுத்திவிட்டுப் போன கப்பல் அது. 'அவன் சரியான எம்டன்' என்ற பேச்சு வழக்கு அன்று பிறந்தது. மெட்ராஸில் தீ வைத்த கப்பல் அடுத்த சில வாரங்களில் பினாங்குக்கு வந்தது. போலிப் புகைபோக்கி ஒன்றைக் கூடுதலாகப் பொருத்தி, பிரிட்டிஷ் கப்பலைப் போல வேடமிட்டு உள்ளே நுழைந்தது. துறைமுகத்தில் நங்கூரமிட்டிருந்த ரஷ்யப் போர்க்கப்பல் ஜெம்சூக்கைச் சில நிமிடங்களில் மூழ்கடித்தது. வெளியேறும் வழியில் மூஸ்கே என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பலையும் மூழ்கடித்தது.

ஜெம்சூக் சாதாரணக் கப்பல் அல்ல. 1905இல் ஜப்பானுக்கு எதிரான சுஷிமா கடற்போரில் தப்பிப் பிழைத்த கப்பல். பீரங்கி இருந்தது, ஆட்கள் இருந்தார்கள். ஆனால் அன்றிரவு அதன் கப்டன் கரையில், நகரத்தில் இருந்தார். சண்டைக்கு ஆயத்தமில்லாத நிலையில் கப்பல் தாக்கப்பட்டது. 89 மாலுமிகள் இறந்தனர். அவர்களுக்கான நினைவுச் சின்னம் இன்றும் பினாங்கு ஜாலான் உத்தாமா கல்லறையில் நிற்கிறது.

நூறாண்டுக்கு முந்தைய அந்தச் சம்பவம் சொல்லும் பாடம் ஒன்றுதான். பட்டியலில் இருக்கும் கப்பல் வேறு, தேவைப்படும் நேரத்தில் புறப்படத் தயாராக இருக்கும் கப்பல் வேறு. அரச மலேசியக் கடற்படை இன்று எதிர்நோக்கும் சிக்கலைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாடு போதும்.

தன்னார்வலர்களிடம் தொடங்கிய படை

மலேசியக் கடற்படை தன் பிறந்த நாளாகக் கொண்டாடுவது 1934 ஏப்ரல் 27. அன்றுதான் சிங்கப்பூரில் நீரிணைக் குடியேற்ற நாடுகளின் கடற்படைத் தன்னார்வப் பிரிவு தொடங்கப்பட்டது. 1938இல் பினாங்கிலும் அதற்குக் கிளை திறக்கப்பட்டது. மறு ஆண்டு மலாய்க்காரர்களுக்கென ஒரு பிரிவு அமைந்தது.

இந்தச் சிறு படை வளர்வதற்குள் போர் வந்துவிட்டது. 1941 டிசம்பர் 10ஆம் தேதி, பிரிட்டன் பெருமையாக அனுப்பிய பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிப்பல்ஸ் என்ற இரண்டு பெரும் போர்க்கப்பல்கள் குவாந்தான் கடற்பகுதியில் ஜப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்டன. வானிலிருந்து பாதுகாப்புத் தர விமானங்கள் இல்லாததே காரணம். 800க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அடுத்த சில நாட்களில் வெள்ளைக்காரர்கள் பினாங்கைவிட்டு இரவோடு இரவாகக் கப்பலேறினர். தமிழர், சீனர், மலாய்க்காரர் எனத் தீவின் மக்கள் அப்படியே கைவிடப்பட்டனர். அதன்பின் பினாங்கு ஜப்பானிய நீர்மூழ்கிகளின் தளமானது. ஜெர்மானிய நீர்மூழ்கிகளும் இங்கு வந்து தங்கின.

போர் முடிந்ததும், செலவைக் காரணம் காட்டி 1947இல் படை கலைக்கப்பட்டது. அவசரகாலம் பிறந்ததும் 1948 டிசம்பரில் மீண்டும் உருவாக்கப்பட்டது. 1952இல் 'அரச' என்ற பட்டம் கிடைத்தது. 1958 ஜூலை 1ஆம் தேதிதான் கடற்படை முழுமையாக மலாயா அரசாங்கத்தின் கைக்கு வந்தது. 1963இல் அது அரச மலேசியக் கடற்படை ஆனது. அதே ஆண்டில் இந்தோனேசியாவுடனான மோதலும் தொடங்கியது.

31 வயதில் தலைமை ஏற்ற தமிழர்

கொடி மாறினாலும் தலைமை உடனே மாறவில்லை. 1967 வரை பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய அதிகாரிகளே கடற்படைக்குத் தலைமை தாங்கினர். அந்த ஆண்டு டிசம்பரில் அப்பொறுப்பை ஏற்ற முதல் மலேசியர் ஒரு தமிழர். அவர் கே. தனபாலசிங்கம். விக்டோரியா கல்விக்கூட மாணவர், இங்கிலாந்தின் டார்ட்மவுத் கடற்படைக் கல்லூரியில் பயின்றவர். பதவியேற்றபோது அவருக்கு வயது 31.

பின்னாளில் ரியர் அட்மிரல் டான்ஸ்ரீ தனபாலசிங்கம் என அறியப்பட்ட அவர் 1976 வரை அப்பொறுப்பில் இருந்தார். கரையோர ரோந்துப் படகுகளை நம்பியிருந்த படை, ஏவுகணை ஏந்திய படையாக மாறியது அவருடைய காலத்தில்தான். 1971இல் ரஹ்மாட் போர்க்கப்பல் பணியில் சேர்ந்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் எக்சோசெட் ஏவுகணை பொருத்திய நான்கு விரைவுப் படகுகள் பிரான்சிலிருந்து வந்தன. சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் தளத்தை நம்பியிருந்த கடற்படை, பின்னர் பேராக் லூமூட்டைத் தன் வீடாக்கிக்கொண்டது. பினாங்கிலிருந்து காரில் இரண்டு மூன்று மணி நேரத்தில் சென்று சேரக்கூடிய ஊர் அது.

ஏழு நாட்டுக் கப்பல், ஏழு விதமான உதிரிப்பாகம்

இன்றைய கடற்படையிடம் என்ன இருக்கிறது? முன்னணியில் நிற்பவை 1999இல் பிரிட்டனிலிருந்து வந்த ஜெபாட், லெக்கியு ஆகிய இரண்டு போர்க்கப்பல்கள். 1984இல் ஜெர்மனி கட்டித்தந்த கஸ்தூரி, லெக்கிர் இரண்டும் புதுப்பிக்கப்பட்டு ஓடுகின்றன. முதலில் ஈராக்கிற்காகக் கட்டப்பட்ட நான்கு இத்தாலியக் கப்பல்கள் 1990களின் இறுதியில் வாங்கப்பட்டன. 2006 முதல் 2010 வரை சேர்ந்த கெடா வகை ரோந்துக் கப்பல்கள் ஆறு. சீனாவில் கட்டப்பட்ட கெரிஸ் வகைக் கப்பல்கள் நான்கு. இவற்றுடன் பிரான்ஸ், ஸ்பெயின் கூட்டாகக் கட்டிய துங்கு அப்துல் ரஹ்மான், துன் ரசாக் ஆகிய இரண்டு ஸ்கோர்பீன் நீர்மூழ்கிகள் சபாவின் செப்பாங்காரில் உள்ளன. சுவீடனில் கட்டிய விரைவுப் படகுகளும் பட்டியலில் உண்டு.

ஒரு தோட்டத்தில் ஏழு லாரிகள், ஏழும் ஏழு கம்பெனி என்றால் அந்தப் பட்டறை எப்படி இருக்கும்? ஒன்றின் பாகம் இன்னொன்றுக்குப் பொருந்தாது. ஒரு லாரியைப் பழுதுபார்க்கப் பழகிய மெக்கானிக் அடுத்ததைத் தொடத் தயங்குவார். பாகம் வெளிநாட்டிலிருந்து வரும்வரை வண்டி படுத்துக் கிடக்கும். கடற்படையின் நிலையும் இதுதான். இதைச் சரிசெய்யத்தான் 15 வகைக் கப்பல்களை ஐந்து வகையாகக் குறைக்கும் '15க்கு 5' திட்டம் வகுக்கப்பட்டது. திட்டம் நல்லதுதான். ஆனால் பழையவற்றை ஓய்வு கொடுக்க வேண்டுமானால் புதியவை வந்து சேர வேண்டும். 2023இல் வெளிவந்த தேசியக் கணக்காய்வு அறிக்கை, திட்டமிட்ட 18 புதிய கப்பல்களில் நான்குதான் கிடைத்திருந்தன என்று சுட்டிக்காட்டியது.

பணம் போனது, கப்பல் வரவில்லை

காரணம் லூமூட்டிலேயே இருக்கிறது. 1998இல் ரோந்துக் கப்பல் திட்டம் தொடங்கியபோது, காலப்போக்கில் 27 கப்பல்கள் கட்டப்படும் என்று பேசப்பட்டது. தாமதம், கூடுதல் செலவு, கப்பல்தளத்தின் நிதி நெருக்கடி எல்லாம் சேர்ந்து ஆறோடு நின்றது. தளம் கைமாறியது.

அதே தளத்திடம்தான் அடுத்த பெரிய வேலையும் கொடுக்கப்பட்டது. சுமார் 900 கோடி வெள்ளிக்கு ஆறு கரையோரப் போர்க்கப்பல்கள். முதல் கப்பல் 2019இல் கிடைத்திருக்க வேண்டும். 2022 ஆகஸ்டில் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு வெளியிட்ட அறிக்கை நாட்டையே அதிர வைத்தது. 608 கோடி வெள்ளி கொடுத்தாகிவிட்டது, ஒரு கப்பல்கூட முடியவில்லை. கடற்படை கேட்ட வடிவம் ஒன்று, தேர்ந்தெடுக்கப்பட்டது வேறொன்று. கொடுத்த பணத்தில் 40 கோடி வெள்ளி, பழைய ரோந்துக் கப்பல் திட்டத்தின் கடனை அடைக்கப் போயிருந்தது.

இந்தக் கடைசித் தகவல்தான் மிகவும் யோசிக்க வைப்பது. முதல் திட்டத்தின் தவற்றுக்கான விலையை இரண்டாவது திட்டம் கட்டியிருக்கிறது.

2023இல் அரசாங்கம் ஒப்பந்தத்தைத் திருத்தியது. ஆறு கப்பல்கள் ஐந்தாகின. செலவு 1,120 கோடி வெள்ளியைத் தாண்டியது. தோராயமாகக் கணக்கிட்டால், ஒரு கப்பலுக்கு 150 கோடி என்றிருந்தது இப்போது 220 கோடிக்கும் மேல். தளத்தை நிதி அமைச்சு தன் வசம் எடுத்துக்கொண்டது. முதல் கப்பலான மகாராஜா லேலா 2024 மே மாதம் நீரில் இறக்கப்பட்டது. 2026இல் அது கடற்படையிடம் ஒப்படைக்கப்பட வேண்டும் என்பது திருத்திய அட்டவணை. இதற்கிடையே, 2024 ஜூனில் துருக்கியிடமிருந்து மூன்று கப்பல்கள் வாங்க உடன்பாடு கையெழுத்தானது. இவை வெளிநாட்டிலேயே கட்டப்படுகின்றன.

தாமதத்தின் விலை

கப்பல் தாமதமானால் என்ன ஆகும்? 2024 ஆகஸ்ட் 25 அன்று ஜொகூர் கடலில் அதற்கு விடை கிடைத்தது. 1979 முதல் பணியில் இருந்த பெண்டெக்கார் விரைவுப் படகு, நீருக்கடியில் எதிலோ மோதி, உள்ளே தண்ணீர் புகுந்து மூழ்கியது. அதிலிருந்த 39 பேரும் காப்பாற்றப்பட்டது தெய்வாதீனம். அந்தப் படகின் வயது 45. அதில் பணியாற்றிய இளம் மாலுமிகளில் பலர் அது பணியில் சேர்ந்தபோது பிறந்திருக்கவே மாட்டார்கள்.

அதற்கு நான்கு மாதங்களுக்கு முன், ஏப்ரல் 23ஆம் தேதி, கடற்படையின் 90ஆம் ஆண்டு விழா ஒத்திகையில் லூமூட் வானில் இரண்டு ஹெலிகாப்டர்கள் மோதிப் பத்துப் பேர் உயிரிழந்தனர். அவர்களில் ஒரு தமிழ் அதிகாரியும் இருந்தார். அது பழைய கப்பலால் வந்த விபத்தன்று. ஆனால் கடற்படை என்பது யாருடைய பிள்ளைகளின் உயிரோடு சம்பந்தப்பட்டது என்பதை அந்த நாள் தமிழ்க் குடும்பங்களுக்கும் உணர்த்தியது.

செய்து காட்டியதும் உண்டு

குறைகளை மட்டும் பேசினால் நியாயமாகாது. 2008இல் ஏடன் வளைகுடாவில் மலேசியக் கப்பல்கள் கடற்கொள்ளையரிடம் சிக்கின. அப்போது புதிய போர்க்கப்பலுக்காகக் காத்திருக்காமல், பூங்கா மாஸ் லீமா என்ற சரக்குக் கப்பலையே துணைக் கப்பலாக மாற்றி அனுப்பினார்கள். 2011 ஜனவரியில் பூங்கா லாரல் கப்பலைக் கொள்ளையர் கைப்பற்றியபோது, பூங்கா மாஸ் லீமாவிலிருந்து சென்ற கடற்படைக் கமாண்டோக்கள் 23 பணியாளர்களையும் மீட்டு, ஏழு கொள்ளையரைப் பிடித்தனர்.

பினாங்குக்கு முன்னே உள்ள மலாக்கா நீரிணையிலும் அப்படித்தான். 2004இல் மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர் மூன்றும் சேர்ந்து ரோந்தைத் தொடங்கின. 2005இல் இந்த நீரிணையை ஆபத்துப் பகுதியாக அறிவித்த லண்டன் காப்புறுதி வட்டாரம், 2006இல் அந்தப் பட்டியலிலிருந்து அதை நீக்கியது. பிறை, பட்டர்வொர்த் தொழிற்சாலைகளிலும் துறைமுகத்திலும் வேலை செய்யும் குடும்பங்களின் சம்பளத்திற்கும் இந்தச் செய்திக்கும் தொடர்பு உண்டு. காப்புறுதி ஏறினால் கப்பல் கட்டணம் ஏறும், கட்டணம் ஏறினால் சரக்கு வேறு வழி தேடும்.

இரண்டிலும் வெற்றி தந்தது கப்பலின் விலை அல்ல. இருந்த கப்பல் ஓடும் நிலையில் இருந்தது, ஆட்கள் பயிற்சியோடு இருந்தார்கள்.

தமிழ்ச் சமூகம் கேட்க வேண்டியது

மக்கள் கேட்க வேண்டிய கேள்வி 'எத்தனை கப்பல் வாங்குகிறோம்' என்பதல்ல. 'எத்தனை கப்பல் இன்று கடலில் ஓடும் நிலையில் இருக்கிறது, பராமரிப்புக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டிருக்கிறது, வேலை முடியாமல் பணம் கொடுத்ததற்கு யார் பொறுப்பு' என்பவையே. தோட்டத்தில் உழைப்பவரின் வரிப்பணமும், ஆயர் ஈத்தாம் சந்தையில் கடை நடத்துபவரின் வரிப்பணமும் அந்த 608 கோடியில் இருக்கிறது. நாடாளுமன்ற உறுப்பினர்கள் தொகுதிக்கு வரும்போது, கால்வாய், சாலையோடு இதையும் கேட்கலாம்.

இன்னொரு கேள்வி வீட்டுக்குள் கேட்க வேண்டியது. கடற்படை எல்லா இனத்தவருக்கும் திறந்த படை. மலாய்க்காரர் அல்லாத இளைஞர்கள் குறைவாகவே சேர்கிறார்கள் என்று தற்காப்பு அமைச்சே பல முறை கூறி, அவர்களை அழைத்து வருகிறது. வாய்ப்பு, பதவி உயர்வு குறித்த ஐயம் பல பெற்றோருக்கு இருக்கிறது. அது காரணமில்லாத ஐயம் என்று தள்ளிவிட முடியாது, அதற்கு அமைச்சு எண்ணிக்கையோடு பதில் சொல்ல வேண்டும். அதே வேளையில் இந்தப் படையில் துப்பாக்கி ஏந்துபவர் மட்டும் இல்லை என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். இயந்திரம், மின்னியல், தொலைத்தொடர்பு, வெல்டிங், மருத்துவம் எனப் பல துறைகள் உண்டு. எஸ்பிஎம் முடித்தவர் சாதாரண மாலுமியாகவும், பட்டம் பெற்றவர் அதிகாரியாகவும் சேர வழி இருக்கிறது. தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழகம் வழியாகவும் செல்லலாம்.

கப்பலை ஓடும் நிலையில் வைத்திருப்பது இவர்களுடைய கைகள்தான். 1967இல் ஓர் இளம் தமிழ் அதிகாரியை நம்பி நாடு தன் கடலை ஒப்படைத்தது. அந்தப் பெயரைத் தமிழ்ப்பள்ளி மாணவர்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள் என்பதை ஆசிரியர்களும் பெற்றோரும் யோசித்துப் பார்க்கட்டும்.