யார் கையில் பச்சை விளக்கு?

ஆம்புலன்ஸ் நெருங்கும்போதே சாலைச் சந்திப்பின் சிவப்பு விளக்கைத் தொலைவிலிருந்து பச்சையாக மாற்றும் முறையை நமது பெருநகரங்கள் சில பரிசோதித்து வருகின்றன. வரவேற்கத்தக்க முயற்சி. ஆனால், அந்த அதிகாரம் யார் யாருக்கு உண்டு என்பதைச் சட்டத்தில் எழுதிவைக்காமல் கருவிகளை மட்டும் வாங்கிப் பொருத்துவது விபரீதத்தில் முடியும்.

இந்தத் தொழில்நுட்பத்தை அமெரிக்கா பல பத்தாண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறது. வாகனத்திலிருந்து பாயும் அகச்சிவப்பு ஒளியைச் சிக்னல் கம்பத்திலுள்ள கருவி உணர்ந்து வழிவிடும். ஆனால், நாளடைவில் அதே கருவி தனியாருக்கும் கிடைக்கத் தொடங்கியது. தகுதியற்றவர்கள் அதைப் பயன்படுத்துவதையும், அவர்களுக்கு விற்பதையும் குற்றமாக்கி 2005-இல் கூட்டாட்சிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று.

சாதாரணக் குடிமக்களே அங்கு அப்படியென்றால், சிவப்புச் சுழல் விளக்குக்காக அமைச்சர் முதல் வாரியத் தலைவர் வரை முட்டிமோதிய நம் நாட்டில் என்ன நடக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கண்டித்த பின்னரும் அந்த மோகம் தீரவில்லை. 2017-இல்தான் மத்திய அமைச்சரவை அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. விளக்கு போனதே தவிர, முக்கியப் பிரமுகர்களுக்காகப் போக்குவரத்தை நிறுத்திவைக்கும் வழக்கம் போகவில்லை. 2021 ஜூனில் கான்பூரில் குடியரசுத் தலைவரின் பயணத்துக்காக நிறுத்தப்பட்ட வாகன வரிசையில் சிக்கி, மருத்துவமனையை உரிய நேரத்தில் அடைய முடியாமல் ஒரு பெண் உயிரிழந்தார். காவல்துறை ஆணையர் மன்னிப்புக் கோரினார். 2017 ஜூனில் பெங்களூருவில் குடியரசுத் தலைவரின் வாகன அணிவகுப்பையே நிறுத்தி ஆம்புலன்ஸுக்கு வழிவிட்ட போக்குவரத்து உதவி ஆய்வாளர் நாடெங்கும் பாராட்டப்பட்டார். நியாயமான கடமை ஒன்று செய்தியாகிப் போனதே நமது நிலைக்குச் சான்று.

2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-இ பிரிவு, அவசர ஊர்திக்கு வழிவிடாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ரூ.10,000 அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. முன்னும் பின்னும் வாகனங்கள் நெருக்கி நிற்கும் சந்திப்பில், சிவப்பு விளக்கின் முன் நிற்பவர் எங்கே ஒதுங்குவார்? ஆம்புலன்ஸ் வந்து சேரும் முன்பே அந்த வரிசை நகரத் தொடங்கினால்தான் வழி பிறக்கும். அதற்கு வாகனத்தின் இருப்பிடம் கட்டுப்பாட்டு அறைக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும்.

தில்லியில் இதற்கு இன்னொரு முட்டுக்கட்டையும் உண்டு. சிக்னல்களை இயக்கும் காவல்துறை மத்திய உள்துறை அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. அரசு ஆம்புலன்ஸ்களும் தீயணைப்புத் துறையும் தில்லி அரசின் வசம் இருக்கின்றன. இரு தரப்பும் கூடிப் பேசாமல் ஒரு விளக்குகூட மாறாது.

ஆம்புலன்ஸ், தீயணைப்பு ஊர்தி ஆகிய இரண்டுக்கு மட்டுமே இந்த உரிமை என்று விதி வகுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் எந்த வாகனத்துக்காக, எந்தச் சந்திப்பில், எத்தனை மணிக்கு விளக்கு மாற்றப்பட்டது என்பது பதிவாக வேண்டும். நாடாளுமன்ற உறுப்பினர் கேட்டால் அந்தப் பதிவு அவையில் வைக்கப்பட வேண்டும். பாதுகாப்புக் காரணம் என்ற பெயரில் பட்டியலை நீட்டும் அதிகாரம் எந்த அதிகாரிக்கும் தரப்படக் கூடாது.

இதற்குக் காலம் பிடிக்கும் என்று சாலைப் போக்குவரத்து அமைச்சகம் சொல்ல முடியாது. சுழல் விளக்கை அகற்ற 2017 ஏப்ரல் 19 அன்று முடிவெடுத்து, மே 1 அன்றே நடைமுறைப்படுத்திய அமைச்சகம் அது.