செடி நட்டால் மட்டும் மண் தூய்மையாகுமா?

எங்கள் வீட்டருகே ஒரு வாகனப் பட்டறைக்குப் பின்னால் மண் எண்ணெய் படிந்து கறுத்துக் கிடக்கிறது. சற்றுத் தள்ளித்தான் அக்கம்பக்கத்தார் கங்கோங் கீரை பயிரிடுகிறார்கள். “வெட்டிவேர் நட்டால் மண் சுத்தமாகிவிடும்” என்கிறான் நண்பன். அது பாதி உண்மைதான் என்பது என் கருத்து.

எண்ணெயைப் பெரும்பாலும் சிதைப்பவை வேரைச் சுற்றி வாழும் நுண்ணுயிர்கள். வேர் கசியவிடும் சர்க்கரையும் கரிம அமிலங்களும் அவற்றுக்கு உணவு. ஆனால், பழைய இயந்திர எண்ணெயில் ஈயம், துத்தநாகம், காட்மியம் போன்ற உலோகங்களும் கலந்திருக்கக்கூடும். இவை அதிகமானால் வேர் வளர்ச்சி குன்றும். நுண்ணுயிர்களின் நொதிகள் முடங்கும். எண்ணெய் சிதைவது தாமதமாகும். சில வேளைகளில், சேதமுற்ற வேர் வழியாக எண்ணெயின் நச்சு செடிக்குள் கூடுதலாகவும் புகலாம். எண்ணெயாவது காலப்போக்கில் சிதையும். உலோகம் சிதைவதே இல்லை.

மலேசியாவின் 2005-ஆம் ஆண்டு விதிமுறைகள் பழைய மசகு எண்ணெயை அட்டவணைக் கழிவாகவே வகைப்படுத்துகின்றன. அதை மண்ணில் கொட்டுவதை முதலில் நிறுத்த வேண்டும்.

பசுமைத் திட்டங்களில் ஈடுபடும் மாணவ நண்பர்களே, கன்று வாங்குமுன் மண்ணைச் சோதிக்கக் கேளுங்கள். எண்ணெய், உலோகம் இரண்டையும் சேர்த்தே சோதிக்கச் சொல்லுங்கள். அந்த முடிவு தெரியும்வரை அங்கு விளையும் கீரை யார் தட்டுக்கும் போகக்கூடாது.