பூட்டு உங்களுடையது, சாவி யாரிடம்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டுகிறவர்கள் இரண்டே வகை. பூஜைக்குச் சந்தா கேட்டு வரும் பாடா கிளப் பையன்கள் ஒரு வகை. "சார், நீங்க பேங்க்லதானே இருக்கீங்க?" என்று ஆரம்பிக்கிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகை ரசீதைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போய்விடும். இரண்டாம் வகை என்றால் தங்கமணி சொல்லாமலே டிகாஷன் இன்னொரு ரவுண்டு இறக்கிவிடுவார். பேச்சு மத்தியானம் வரை போகும் என்று அவருக்குத் தெரியும்.

போன மாதம் வந்தது இரண்டாம் வகை. கார்டன் ரீச்சில் தென்கிழக்கு ரயில்வே தலைமை அலுவலகத்தில் வேலை பார்க்கும் திருநெல்வேலி அண்ணாச்சி. கூடவே அவர் பையன். சால்ட் லேக் செக்டர் ஃபைவில் சாஃப்ட்வேர் வேலை, வயசு இருபத்து நாலு. அண்ணாச்சி சோபாவில் உட்காராமல் பால்கனிப் பக்கம் போய் தெருவைப் பார்த்து நின்றுகொண்டார். நல்ல சேதி இல்லை என்று அப்போதே புரிந்துவிட்டது.

"மாமா, என் ஐடியை எவனோ ஹேக் பண்ணிட்டான். 46 ஆயிரம் இருந்துச்சு. காலையில பார்த்தா ஜீரோ."

நான் ஆபீஸ் ஐடி என்று நினைத்தேன். (சிரிக்காதீர்கள், நான் இன்னும் பாஸ்புக் காலத்து ஆள் :-) ) கிரிக்கெட் ஐடியாம். வாட்ஸப்பில் ஒரு நம்பருக்கு 'ஹாய்' அனுப்பினால் ஏஜெண்ட் ஒருத்தன் யூசர் நேமும் பாஸ்வேர்டும் அனுப்பி வைப்பான். அவன் சொல்கிற யுபிஐ ஐடிக்குப் பணம் போட்டால் இங்கே பாயிண்ட் ஏறும். ஜெயித்தால் அவன் திருப்பி அனுப்புவான்.

பையன் அழவில்லை, ஏமாந்துவிட்டேன் என்று சொல்லவும் இல்லை. அவன் கேட்டது வேறு. "டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் போட்டிருந்தா தப்பிச்சிருக்கலாமா மாமா? அடுத்த தடவை எப்படிப் பத்திரமா வெச்சுக்கிறது?" போனில் ஒரு பட்டியலும் வைத்திருந்தான். சூதாட்டக் கணக்கைப் பாதுகாக்கப் பத்து வழி. நீளமான பாஸ்வேர்டு வை, ஒரே பாஸ்வேர்டை நாலு இடத்தில் போடாதே, ஸ்டேஷன் வைஃபையில் லாகின் செய்யாதே, ஓடிபியைச் சொல்லாதே.

அந்தப் பட்டியல் மேல் வந்த கோபம்தான் இந்தப் பதிவு.

பட்டியலில் இருப்பது பொய் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2022 நவம்பரில் அமெரிக்காவில் டிராஃப்ட்கிங்ஸ் என்ற பந்தயத் தளத்தில் இதேதான் நடந்தது. வேறு எங்கெங்கோ திருடுபோன பாஸ்வேர்டுகளை எடுத்து ஒருத்தன் வரிசையாகப் போட்டுப் பார்த்தான். ஒரே பாஸ்வேர்டை எல்லா இடத்திலும் வைத்திருந்தவர்களின் கதவு திறந்துகொண்டது. சுமார் 60,000 கணக்குகள். அதில் சுமார் 1,600 கணக்குகளிலிருந்து 6 லட்சம் டாலர் அளவுக்கு உருவிவிட்டார்கள். அந்தக் கணக்கில் புதிதாக ஒரு பேமெண்ட் வழியைச் சேர்ப்பது, ஐந்து டாலர் போட்டு அதைச் சரிபார்ப்பது, பிறகு மொத்த பேலன்ஸையும் அந்த வழியாக எடுத்துவிடுவது. இவ்வளவுதான் வித்தை. முக்கியக் குற்றவாளி பதினெட்டு வயதுப் பையன். 2024-ல் பதினெட்டு மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. கம்பெனி பறிபோன பணத்தைத் திருப்பிக் கொடுத்தது.

இந்தக் கடைசி வரிதான் எனக்கு முக்கியம். அங்கே லைசென்ஸ் உண்டு, கேள்வி கேட்க ஒரு அதிகாரி உண்டு, போலீஸுக்குப் போனால் கம்பெனிக்கு ஒரு விலாசம் உண்டு. அதனால்தான் அங்கே பூட்டுக்கு அர்த்தம் இருக்கிறது. நம்ம பையனின் ஐடிக்கு விலாசம் எது? ஒரு வாட்ஸப் நம்பர். டிபியில் பிள்ளையார் படம்.

அண்ணாச்சி தினமும் போய் வருகிற அதே கார்டன் ரீச்சின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். இ-நக்கெட்ஸ் என்று ஒரு கேமிங் ஆப் இருந்தது. ஆரம்பத்தில் பணம் போட்டவர்களுக்குக் கமிஷன் கிடைத்தது, கேட்டபோதெல்லாம் பணத்தை எடுக்கவும் முடிந்தது. நம்பிக்கை வந்தது, தொகை பெருத்தது. ஒரு நாள் திடீரென்று பணம் எடுக்கும் வசதி நின்றது. கேட்டால் சிஸ்டம் அப்கிரேடு என்றார்கள், விசாரணை நடக்கிறது என்றார்கள். பிறகு சர்வரில் இருந்த விவரங்கள் மொத்தமும் துடைக்கப்பட்டன. 2021 பிப்ரவரியில் ஒரு வங்கி கொடுத்த புகாரின் பேரில் பார்க் ஸ்ட்ரீட் போலீஸ் ஸ்டேஷனில் எஃப்ஐஆர் பதிவானது. 2022 செப்டம்பர் 10-ம் தேதி அமலாக்கத்துறை அந்தத் தொழிலதிபரின் கார்டன் ரீச் வீட்டுக்குப் போனபோது கிடைத்த ரொக்கம் மட்டும் 17 கோடிக்கு மேல். எண்ணி முடிக்க வங்கி ஊழியர்களையும் நோட்டு எண்ணும் மெஷின்களையும் வரவழைத்தார்கள். டிரங்குப் பெட்டிகளில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதன் பிறகு எங்கள் கிளையில் வேறு பேச்சே இல்லை.

அந்த ஆப்பில் பணம் போட்டவர்களில் எத்தனையோ பேர் அருமையான பாஸ்வேர்டு வைத்திருப்பார்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, நட்சத்திரக் குறி எல்லாம் சேர்த்து. எவனும் ஹேக் செய்யவில்லை. வெளியிலிருந்து ஒருத்தனும் உள்ளே வரவேண்டிய அவசியமே இல்லாமல் பெட்டி காலியாகிவிட்டது.

பையனின் கேஸ் இதைவிட மோசம். பாஸ்வேர்டை உருவாக்கினவனே ஏஜெண்ட்தான். மகாதேவ் ஆப் வழக்கு நினைவிருக்கும். ஐடி உருவாக்கிக் கொடுப்பது, கிளைகளை 70-30 பங்குக்கு விடுவது, பினாமி வங்கிக் கணக்குகள் வழியாகப் பணத்தைச் சுற்றவிடுவது என்று ஒரு பெரிய தொழில். 2023 செப்டம்பரில் கொல்கத்தா, போபால், மும்பை என்று தேடி 417 கோடி ரூபாய் சொத்துகளை அமலாக்கத்துறை முடக்கியது, பறிமுதல் செய்தது. பையன் மாட்டினதும் இதே மாதிரி ஏஜெண்ட் ஏற்பாடுதான். ஐடியைத் திறக்கவும், பாயிண்ட் ஏற்றவும், இறக்கவும் ஏஜெண்டால் முடியும். வீட்டைக் கட்டி, பூட்டு மாட்டி, ஒரு சாவியை நம்மிடம் கொடுத்துவிட்டு மற்ற சாவிகளைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டவனை விட்டுவிட்டு, தெருவில் போகிறவனைச் சந்தேகப்படுகிறோம். "ஹேக் பண்ணிட்டாங்க சார், நாங்க என்ன செய்ய?" என்று ஏஜெண்ட் சொன்னதைப் பையன் அப்படியே நம்பியிருக்கிறான்.

நான் பி.காம் படித்தபோது மெர்க்கண்டைல் லா பேப்பரில் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு. 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 30-வது பிரிவு. பந்தய ஒப்பந்தம் செல்லாது, ஜெயித்ததைக் கேட்டு வழக்குப் போட முடியாது. (குதிரைப் பந்தயத்துக்கு ஒரு சின்ன விலக்கு உண்டு, அதையும் எழுதினால்தான் முழு மார்க்.) அப்போது மார்க்குக்காக உருப்போட்டது. இப்போதுதான் உறைக்கிறது. திரையில் தெரியும் அந்த 46,000 'பேலன்ஸ்' இல்லை. கேட்டு வாங்க முடியாத தொகைக்குப் பேலன்ஸ் என்று பெயர் வைத்ததே ஒரு வேஷம். வங்கியில் போட்ட டெபாசிட்டுக்கு ஐந்து லட்சம் வரை இன்ஷூரன்ஸ் இருக்கிறது. உங்கள் தப்பும் இல்லாமல் வங்கியின் தப்பும் இல்லாமல் எவனோ உருவிவிட்டால், மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் உங்களுக்கு நஷ்டம் இல்லை என்று 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி விதி போட்டது. அந்த பாயிண்டுக்கு இதில் எது உண்டு?

இந்த இடத்தில் ஒரு ஆள் எப்போதும் எழுந்து நிற்பார். "சார், கவர்மெண்டே 28 பர்சண்ட் ஜிஎஸ்டி வாங்கலையா? அப்ப சரியான தொழில்தானே?" வாங்கியது, உண்மைதான். 2023 அக்டோபர் முதல் போட்ட பணம் முழுவதற்கும் வாங்கியது. தமிழ்நாட்டில் 2025-ல் ஆதார் சரிபார்ப்பு, நள்ளிரவு முதல் காலை ஐந்து வரை ஆட்டம் கிடையாது என்றெல்லாம் விதி போட்டு, அந்த ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றமும் அவை செல்லும் என்றது. ஆகஸ்டிலேயே நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களையே தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றிவிட்டது. நடத்துவது, விளம்பரம் செய்வது, பணப் பரிமாற்றம் செய்து தருவது எல்லாம் குற்றம். ஆடுகிறவனுக்குத் தண்டனை இல்லை. பெரிய கம்பெனிகள் அந்த மாதமே பண ஆட்டத்தை மூடின. வரி வாங்கியதை நல்நடத்தைச் சான்றிதழாக நினைத்தவர்கள் இப்போது என்ன சொல்வார்கள்? ஒன்றும் சொல்ல மாட்டார்கள். வாட்ஸப்பில் ஐடி வாங்குவார்கள்.

சரி, நிஜமான திருட்டுக்கு வருவோம். பையனிடம் கேட்டேன், "கேஒய்சி என்று ஏதாவது கொடுத்தியாப்பா?" ஆதார் ரெண்டு பக்கமும், பான் கார்டும், ஒரு செல்ஃபியும் அனுப்பியிருக்கிறான். 46 ஆயிரத்துக்கு அவ்வளவு பதறினவன் இதைச் சாதாரணமாகச் சொன்னான். எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது. அந்த மூன்றையும் வைத்து எங்கோ ஒரு சிம்மோ கணக்கோ திறக்க எவனாவது பார்ப்பான். அன்றைக்கே உட்காரவைத்து சஞ்சார் சாத்தியில் அவன் பெயரில் எத்தனை நம்பர் ஓடுகிறது என்று பார்த்தோம், ஆதார் பயோமெட்ரிக்கைப் பூட்டினோம், ஈமெயில் பாஸ்வேர்டையும் யுபிஐ பின்னையும் மாற்றினோம். 1930-க்குப் போன் செய்யச் சொன்னேன். "போன பணத்தை மீட்டுத் தர்றேன், அஞ்சாயிரம் அனுப்பு" என்று டெலிகிராமில் ஏற்கெனவே ஒருத்தன் வந்திருந்தான். அவனையும் பிளாக் செய்தோம்.

ஆனால் இதெல்லாம் நடப்பதற்கு முன்பே விஷயம் கைமீறியிருந்தது, எங்களுக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் மதினி வந்தார். மகனோடு சேர்ந்து ஒரு ஜாயிண்ட் கணக்கு. அதில்தான் ஊரில் உள்ள வீட்டின் வாடகை வருகிறது, நகைக் கடனுக்கு வட்டியும் போகிறது. ஏடிஎம்மில் பணம் எடுக்க முடியவில்லை. விசாரித்தால் வேறு மாநிலப் போலீஸ் சொல்லி ஹோல்டு போட்டிருக்கிறார்கள்.

மூன்று மாதம் முன்பு பையன் ஒரு மேட்சில் ஜெயித்து 12,000 ரூபாய் 'வித்ட்ரா' செய்திருக்கிறான். ஏஜெண்ட் அதைத் தன் கணக்கிலிருந்தா அனுப்புவான்? யாரோ ஒரு அப்பாவி எங்கோ ஏமாந்து போட்ட பணம், வாடகைக் கணக்கு ஒன்று வழியாக மதினி கணக்குக்கு வந்திருக்கிறது. அந்த அப்பாவி புகார் கொடுத்ததும் பணம் போன தடத்தில் உள்ள கணக்கெல்லாம் வரிசையாக முடங்கியது. தோற்ற பணம் போனது ஒரு பக்கம். ஜெயித்த பணம்தான் வீட்டுக்குள் போலீஸைக் கூட்டிக்கொண்டு வந்தது. அந்தப் பத்து வழிப் பட்டியலில் இது எந்த நம்பரில் இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன். இல்லை.

இதை எழுதுவது முக்கியமாக ஊரை விட்டு வந்து, பிள்ளைகளின் கணக்கும் நம் கணக்கும் ஒன்றாகக் கிடக்கும் நம்மைப் போன்ற குடும்பங்களுக்காக. ஹாஸ்டலில் இருக்கும் பையன் அம்மாவின் யுபிஐயைப் போனில் வைத்திருப்பான். "கணக்கைக் கொஞ்ச நாள் கொடு, மாசம் இவ்வளவு தர்றேன்" என்று அவனிடமும் கேட்பார்கள். நான் கவுண்டரில் பார்க்கிற இன்னொன்றையும் சொல்லவேண்டும். பணம் போனதும் பெற்றோர் வந்து "நாங்க செய்யாத பரிவர்த்தனை" என்று எழுதிக் கொடுப்பார்கள். விசாரித்தால் வீட்டுப் பையனே பின் போட்டு அனுப்பியிருப்பான். அப்படி ஒரு கடிதம் பொய் என்று தெரிந்துவிட்டால், நாளைக்கு நிஜமாகவே திருடு போகும்போது உங்கள் சொல்லை யார் நம்புவார்கள்?

மதினி என்னிடம் கேட்டது ஒன்றுதான். "அந்தப் பன்னெண்டாயிரத்தைத் திருப்பிக் கட்டிட்டா விட்ருவாங்களா தம்பி?"

அந்த ஊர் போலீஸுக்கும் வங்கிக்கும் அனுப்ப ஒரு கடிதம் தயார் செய்தோம். கணக்கு விவரம், பணம் வந்த தேதி, ஆறு மாத ஸ்டேட்மெண்ட், வாடகை ஒப்பந்தத்தின் நகல். பணம் எதற்காக வந்தது என்று விளக்க வேண்டிய இடம் வந்ததும் பையன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஃபிரெண்ட் கைமாத்து கொடுத்தான்னு போட்டுரலாமா மாமா?" என்றான். போடக்கூடாது என்றேன். அண்ணாச்சி அப்போதும் பால்கனியில்தான் நின்றுகொண்டிருந்தார். பையன் அம்மா பக்கம் திரும்பாமல், குனிந்து, கிரிக்கெட் பந்தயத்தில் ஜெயித்த பணம் என்று எழுதினான். மதினி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை ஒருமுறை படித்தார். கீழே கையெழுத்துப் போட்டார்.