கல்சட்டியும் கல்திட்டையும்

சென்ற போகியன்று மத்தூரில் எங்கள் தெருமுனைக் குப்பையில் ஒரு கல்சட்டி கிடந்தது. விளிம்பில் சிறு விரிசல், மற்றபடி குறையில்லை. இரண்டு தலைமுறையேனும் அதில் வற்றல் குழம்பு கொதித்திருக்கவேண்டும். வீட்டிற்கு எடுத்துவந்து கழுவுகையில் எகிப்து நினைவுக்கு வந்தது. நண்பர்கள் சிரிக்கவேண்டாம், காரணம் உண்டு.

எகிப்தியர் அலபாஸ்டர், டயோரைட் முதலிய கற்களைக் குடைந்து கலங்கள் செய்தனர். செப்புக் குழாயை மணலோடு சுழற்றிச் சுழற்றிக் கல்லின் வயிற்றைத் தேய்த்தெடுத்தனர். எண்ணெயும் கண்மையும் வைத்துப் புழங்கிய அக்கலங்களை இறந்தவரோடும் அடக்கம் செய்தனர். சக்காராவில் சோசர் மன்னனின் படிப்பிரமிடுக்கு அடியில் மட்டும் ஏறத்தாழ 40,000 கற்கலங்கள் கிடைத்தன. பலவற்றில் இருப்பவை அவனுக்கு முந்தைய மன்னர்களின் பெயர்கள். முன்னோர் கலத்தை அவர்கள் குப்பையில் எறியவில்லை.

நம்மவர் வழக்கம் வேறு. இறந்தவருக்குக் கல்லால் வீடு கட்டி, உள்ளே மட்கலங்களை வைத்தனர். கிருஷ்ணகிரியை அடுத்த மல்லச்சந்திரத்தில் பலகைக் கற்களாலான கல்திட்டைகளையும் அவற்றின் வட்டமான இடுதுளைகளையும் இன்றும் காணலாம். கணவனோடு தனக்கும் சேர்த்துத் தாழியை அகலமாக வனையுமாறு குயவனை ஒருத்தி வேண்டும் புறநானூற்றுப் பாடலை நடத்தும்போதெல்லாம் இவ்வேறுபாடு எனக்குத் தோன்றும். நமக்கு மண் உடன்செல்லும் துணை. கல் நிலைத்துநிற்கும் இல்லம். மாக்கல்லைக் கடைந்த சட்டியையோ இருப்பவர்களின் அடுப்படிக்கென வைத்துக்கொண்டோம்.

இரண்டையும் இப்போது இழந்துகொண்டிருக்கிறோம் என்பதே என் வருத்தம். நம் மாவட்டத்து மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 என 2022இல் அறிவிக்கப்பட்டபோது மகிழ்ந்தோம், மகிழவேண்டியதுதான். ஆனால் மகிழ்ந்த நாமே கல்திட்டைப் பலகையை வேலிக்கல்லாக நடுவதைக் கண்டும் பேசாதிருக்கிறோம். இப்பகுதிக் கிரானைட் மெருகேறி அயல்நாட்டுக் கல்லறைகளுக்குப் பெயர்க்கல்லாகக் கப்பலேறுகிறது. இம்மண்ணின் மூத்தோர் கல்லறைகளோ 'பாண்டவர் வீடு' என்னும் பொதுப்பெயரோடு சரிகின்றன.

கல்சட்டி என்றால் என்னவென்று வகுப்பில் கேட்டேன். நாற்பது பேரில் மூவர் கைதூக்கினர். பெயர் மறந்த பொருளை யார் காப்பார்?

அரசு செய்யட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு கல்லூரித் தமிழ்த்துறையும் தன் சுற்றுவட்டத்துக் கல்திட்டைகளையும், வீடுகளில் எஞ்சியுள்ள கற்கலங்களையும் அவற்றின் வழக்குப்பெயர்களோடு பதிவுசெய்யலாம். ஒரு குறிப்பேடும் ஒரு மாணவர் குழுவும் போதும்.

குப்பையில் கிடந்த சட்டி விளக்கெண்ணெய் பூசப்பட்டு, கஞ்சித்தண்ணீர் நிரம்பி எங்கள் அடுப்படியில் பழகிக்கொண்டிருக்கிறது. விரிசல் தாங்குமா என்று என் மனைவி கேட்கிறார். அடுப்பில் தாங்காவிட்டால் மோர் ஊற்றிவைப்போம்.